இடது பக்கக் கீறல்

இடது பக்கத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள் தம்பி. வண்டி விற்கிறவர்கள் நல்ல பக்கத்தைக் காட்டித்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. காகித ஆலையில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை எனக்கு. ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தால் போதும், எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே கறை என்று சொல்லிவிடுவேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அதனால் குறையை நானே காட்டிவிடுகிறேன். ஒரு கீறல், பின்கதவில் ஆரம்பித்து முன்கதவுக் கைப்பிடிக்குக் கீழே வந்து நிற்கிறது. பின்கதவில் உங்களுக்குத் தெரியாது, தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். முன்கதவில் பாருங்கள், பால் சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு பட்டை. அது கீறல் இல்லை. கீறலை மூடப்போய் வந்தது. சொல்கிறேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். சுலோச்சனா மோர் கொண்டுவருவாள். என் மனைவி. இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. வயதானால் அப்படித்தானே.

ஒரே கை வண்டி என்று புரோக்கர் சொல்லியிருப்பார். நானும் அப்படித்தான் சொல்லச் சொன்னேன். ஆனால் உங்களிடம் மறைக்க மனசு வரவில்லை. இன்னொரு கையும் பட்டிருக்கிறது. எனக்குத் தெரியாமல் பட்டது. அதைச் சொல்லாமல் விற்றால் நானும் அவனும் ஒன்றாகிவிடுவோம்.

ஆலைக்குப் போக வர ஆலை பஸ் இருக்கிறது. காலையில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவேன். வண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் இந்தப் போர்ட்டிகோவில் கவர் போட்டு நிற்கும். கவர்கூட அளவெடுத்துத் தைக்கக் கொடுத்தது. நாய் ஏறிப் படுக்கும், பூனை நகம் வைக்கும், என்ன வேண்டுமானாலும் வரட்டும் என்று கெட்டித் துணியில் தைத்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதென்றாலும் கண்ணாடியில்தான் வைப்பேன். பெயின்டில் வைக்க விடமாட்டேன். சாமி கோபித்துக்கொள்ளாது. பெயின்ட் கோபித்துக்கொள்ளும்.

இது முட்டுத் தெரு, வரும்போது பார்த்திருப்பீர்கள். அகலமும் கிடையாது. இங்கிருந்து பின்னால் எடுத்தால் நேரே அந்தப் பச்சை கேட். அதற்குள் பின்பக்கத்தை நுழைத்தால்தான் வண்டி மெயின் ரோட்டைப் பார்த்துத் திரும்பும். அது எட்வின் வீடு. ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே வண்டியைக் கிளப்பினால் அந்தச் சத்தத்துக்கு அவன் அங்கே வந்து கேட்டைத் திறப்பான். ஒரு கதவு சும்மா நிற்காது, காற்றுக்குத் திரும்பி வரும். அதை ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் பிடித்துக்கொள்வான். நான் திருப்புவேன். போய்வரும்போது அவனுக்கும் ஒரு கட்டு வெற்றிலை வாங்கி வருவேன். இத்தனை வருடமும் அப்படித்தான். வாய்விட்டுக் கேட்டதும் இல்லை, அவன் மாட்டேன் என்றதும் இல்லை.

ஆலையில் ஸ்டோர்ஸில் இருந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மனை வாங்கி, ஒரே மேஸ்திரியை வைத்துக் கட்டியவர்கள். என் சுவருக்கு அவன் தண்ணீர் விட்டான், அவன் சுவருக்கு நான் விட்டேன். சுலோச்சனாவை அவன் தங்கச்சி என்பான், அவள் அவனை அண்ணா என்பாள். அவன் மனைவி ரெஜினாவை நான் தங்கச்சி என்பேன். இந்தத் தெருவில் எங்களைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் உண்டு.

ரெஜினாவுக்குச் சிறுநீரகம் போயிற்று. வாரத்துக்கு மூன்று முறை கரூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். போகும்போது நடந்து போவாள், வரும்போது துணி மாதிரி வருவாள். எட்வின் வேலையை விட்டுவிட்டான். ஒருநாள் இங்கே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னான், ஆட்டோவில் தூக்கித் தூக்கிப் போடுகிறது, வரும்போது அவளால் முடியவில்லை, வண்டி சும்மாதானே நிற்கிறது, ஒரு டிரைவரைப் போட்டுக்கொண்டால் என்ன என்று. நான் மறுக்கவில்லை தம்பி. கை மாறினால் கிளட்ச் போய்விடும் என்று விஷயத்தைத்தான் எடுத்துச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேனா? நானே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், மெதுவாக ஓட்டுகிற ஆளாகப் பார்த்துப் பேசி, நம்பரை வாங்கிக்கொண்டு வந்து எட்வின் கையில் கொடுத்தேன். யார் செய்வார்கள்? வாங்கிக்கொண்டு, சரிப்பா என்றான். நல்ல முகத்தோடுதான் சொன்னான். மனசில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

இந்த மார்கழிக்கு முந்தின மார்கழி. ஒரு ஞாயிறு கவரை எடுக்கிறேன், இடது பக்கம் இந்தக் கோடு. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் மாட்டியது. நகம் மாட்டாவிட்டால் மேல் பூச்சோடு போன கீறல், பாலிஷ் போட்டால் மறைந்துவிடும். மாட்டினால் அடிவரைக்கும் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு என் முதுகிலேயே கீறினமாதிரி இருந்தது. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒரு கிழிசல் இல்லை, ஒரு நூல் பிரியவில்லை. எவனோ கவருக்குள் கையை விட்டுக் கீறியிருக்கிறான் என்றால் எவ்வளவு வஞ்சகம் பாருங்கள். ஆலையில் பதவி உயர்வு கிடைக்காத ஒருத்தன் மேல்தான் எனக்குச் சந்தேகம். அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். ஏன் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

போலீசுக்குப் போகலாம் என்றேன். சுலோச்சனா உள்ளே போய்விட்டாள், அவளுக்குப் போலீஸ் என்றாலே பயம். எட்வின் வந்து பார்த்தான். குனிந்து வெகுநேரம் பார்த்தான். அப்புறம் என் தோளில் கை வைத்து, "விடுப்பா. வொர்க்‌ஷாப்ல குடுத்தா ரெண்டு கதவையும் மொத்தமா அடிச்சு விட்ருவான், கலர் சேராது. நாமளே வீட்ல பண்ணிக்கலாம்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவன், எனக்காக உட்காருகிறேன் என்கிறானே என்று.

போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டோம். கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் நிற நம்பரைக் கடையில் சொன்னால் பெயின்டைக் கலந்து ஸ்ப்ரே டப்பாவில் அடைத்துக் கொடுக்கிறார்கள். பிரைமர் ஒன்று, நிறம் ஒன்று, மேலே பளபளப்புக்கு கிளியர் ஒன்று. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, கீறலுக்கு மேலும் கீழும் டேப் ஒட்ட வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளால் கீறலின் கரையைச் சமனாக்க வேண்டும். தாளைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? முரட்டுத் தாள், நடுத்தரத் தாள், மெல்லிய தாள் என்று நானே பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தேன். ஆனால் தேய்ப்பது எட்வின்தான். எனக்குப் பொறுமை கிடையாது. அவன் தேய்ப்பதைப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்த மாட்டான், சின்னக் கட்டையில் தாளைச் சுற்றிக்கொண்டு, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. பனி விலகும்வரை டப்பாவைத் தொடக்கூடாது என்பான். ஈரக் காற்றில் அடித்தால் பெயின்ட் மூச்சுவிட முடியாமல் வெளுத்துவிடுமாம். வெயில் வந்து, கதவைத் தொட்டால் இளஞ்சூடு இருக்க வேண்டும். ஒரு பூச்சு அடித்துவிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. பின்கதவு அப்படி முடிந்தது. அதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை.

அந்த நாட்கள் நல்ல நாட்கள் தம்பி. அதனால்தான் ஆறவில்லை.

அடுத்த லீவு நாள் முன்கதவு. நான் பல் விளக்கிக்கொண்டு வெளியே வருகிறேன், எட்வின் எனக்கு முன்னாலேயே வந்து மண்டிபோட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். வேகமாகத் தேய்க்கிறான். என்னப்பா அவசரம், முதலில் பள்ளத்தில் இருக்கிற அழுக்கை எடுப்போம் என்று நான் ஊசியை எடுத்துக்கொண்டு கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வேண்டாம்ப்பா, அதெல்லாம் தேய்ப்பிலேயே போய்விடும் என்கிறான். நான் விடவில்லை. கீறல் முடிகிற இடத்தில் ஊசியால் நெம்பினேன். ஒரு துணுக்கு வந்தது. நகத்தில் வைத்து வெயிலுக்குக் காட்டினேன்.

பச்சை.

அதோ அந்த கேட்டின் பச்சை. அந்த நிறம் இந்த ஊரில் வேறு எங்கும் கிடையாது. கிளிப்பச்சையும் இல்லை, இலைப்பச்சையும் இல்லை, இரண்டு டப்பா மிச்சத்தைக் கலந்து அவனே அடித்தது. நான் நகத்தை நீட்டியபடி தெருவைக் கடந்து போனேன். கேட்டில் வைத்துப் பார்த்தேன். திரும்பிவரும் அந்தக் கதவில் கொண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அதன் நுனியில் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. கொண்டி இருக்கிற உயரமும் கீறல் இருக்கிற உயரமும் ஒன்று. தரம் பார்க்கிறவன் கண் தம்பி. ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. வண்டி வெளியே போயிருக்கிறது. நான் ஆலையில் இருக்கிறபோது போயிருக்கிறது.

திரும்பி வந்தேன். அவன் மண்டிபோட்டபடியே இருந்தான், தாளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுலோச்சனா காபி கொண்டுவந்து வாசற்படியில் நின்றாள்.

"இது உன் கேட்டுப் பச்சை" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வீட்டு வாசலைப் பார்த்தான். மாட்டிக்கொண்டவன் பார்வை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். பிறகு, "ஆமாப்பா. நான்தான் எடுத்தேன். ரெஜினாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக" என்றான்.

சுலோச்சனா காபி டம்ளரைக் கார் பானட்டின் மேல் வைத்தாள். இத்தனை வருடத்தில் ஒருநாள் அங்கே எதையும் வைத்ததில்லை, வைக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவளும் அவ்வளவு அதிர்ந்துபோனாள். அண்ணா அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள் இல்லையா. "அண்ணா, நீங்க எதுக்கு..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவன், "நீ உள்ள போ தங்கச்சி" என்று சொல்லிவிட்டான். திருடினவன் குரலில் அதிகாரத்தைப் பாருங்கள்.

நான் கத்தவில்லை. தாளைக் கீழே போட்டுவிட்டுப் போ என்றேன். போய்விட்டான். தாளைக்கூடக் கழுவிக் காயப்போட்டுவிட்டுத்தான் போனான்.

நீங்கள் ஒன்று கேட்கலாம். புரோக்கரும் கேட்டார். எட்வினுக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று. தெரியாது. மொபெட்டைத் தவிர எதையும் தொட்டதில்லை. அதுதான் தம்பி விஷயமே. ஓட்டத் தெரிந்தவனாக இருந்தால் கேட்டில் உரசியிருப்பானா? ஓட்டத் தெரியாததற்குச் சாட்சிதானே அந்தக் கீறல். தட்டுத்தடுமாறி எப்படியோ ஓட்டியிருக்கிறான். வண்டிக்குள்ளும் அடையாளம் இருந்தது. சீட்டுக்கடியில் பிளாஸ்திரி ஒட்டிய பஞ்சு கிடந்தது, ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட இடத்தில் வைப்பார்களே, அது. அப்புறம் டிரைவர் சீட்டு. ரொம்ப நாளாகவே ஞாயிற்றுக்கிழமை ஏறி உட்கார்ந்தால் முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கும். சீட்டு தானாக முன்னால் நகர்ந்திருக்கும். எண்ணெய் விட்டேன், மெக்கானிக்கிடம் காட்டினேன். அவன் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, யாரோ குள்ளமான ஆள் ஓட்டுகிறார்கள் சார் என்றான். எட்வின் ஆறடி. ஆனால் பழகாதவன் எப்படி உட்காருவான்? பயத்தில் சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டு ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் உட்காருவான். யோசித்தால் எல்லாம் பொருந்துகிறது. சாவியை நான் ஆலைக்குக் கையோடு எடுத்துப்போக ஆரம்பித்த நாளிலிருந்து சீட்டு நகரவே இல்லை. ஆகவே அது கோளாறு இல்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

சாவி அதுவரைக்கும் உள்ளே ஆணியில்தான் தொங்கும். அதை எப்படி எடுத்தான் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கே சுலோச்சனாவிடம் கேட்டேன், எட்வின் எப்போதாவது உன்னிடம் சாவி கேட்டானா என்று. "அவர் கேக்கலைங்க" என்றாள். அதற்கு மேல் அவளைத் துருவுவதில் அர்த்தம் இல்லை. அவளும் மத்தியானத்தில் வீட்டில் இருப்பதில்லை, பாவம். அப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதோ தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆறு மாதம் போனாள். ஒரு ஜாக்கெட் தைத்து நான் பார்த்ததில்லை. அதற்கு முன்னால் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன், தெருவில் இரண்டு பெண்கள் போகிறார்கள் என்று ஆரம்பித்தாள். உனக்கு இடது கை எது வலது கை எது என்பதே குழப்பம், தையல் கற்றுக்கொள் என்று நான்தான் சொன்னேன். எல்லோர் எதிரிலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

முன்கதவுக்கு வருகிறேன். கோபம். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நானே டப்பாவை எடுத்து அடித்துவிட்டேன். புல்லெல்லாம் பனி. ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்தது, அதற்கு மேலேயே கிளியர். வெயில் வந்து பார்த்தால் இப்படிப் பால் பூத்திருக்கிறது. அவன் சொன்னதுதான், இல்லை என்று சொல்லவில்லை. மறுபடி தேய்த்து எடுத்துவிட்டு அடிக்கலாம். ஆனால் தேய்ப்பதற்கு ஆள் வேண்டும் இல்லையா?

என்னைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் தம்பி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வண்டி போனால் போகட்டும், கதவு போனால் போகட்டும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் என்ன கல்லா?

அதற்கப்புறம் அவன் வீட்டுக்கு விடிகாலையில் ஆட்டோ வருகிறது. ரெஜினா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவது என் ஜன்னலில் இருந்தே தெரியும். ஆட்டோவில் போக முடிகிறதுதானே, அதை முன்னாலேயே செய்திருக்கலாமே? சுலோச்சனா அந்த ஜன்னலில் நிற்பாள், ஆட்டோ போகும்வரை நிற்பாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்காதே என்று சொல்லிப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். யாரோ வாங்கி வந்த பொருளைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்று பார்க்கிற பார்வை. அவன் செய்ததற்கு என் வீட்டிலும் நிம்மதி போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் ஒரு வேடிக்கை நடக்கிறது. நான் வண்டியை எடுப்பதே இல்லை. ஆனால் காலையில் துடைப்பதற்காகக் கவரை எடுப்பேன். அந்தச் சத்தத்துக்கே அங்கே கேட்டைத் திறந்துவிடுகிறான். திறந்து, அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் பார்க்காதமாதிரி துடைத்துவிட்டு மூடிவிடுவேன். அப்புறம் அவனும் சாத்திவிட்டுப் போவான். வீம்பு பாருங்கள். போன வாரம் அப்படி நின்றபோதுதான் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். சுலோச்சனாவிடம் சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எப்போ ஆள் வர்றாங்க என்று மட்டும் கேட்டாள்.

இந்தாருங்கள் சாவி. ஓட்டிப் பாருங்கள். பின்னால் எடுத்துத் திருப்புவதுதான் கொஞ்சம்... அவன் கேட்டுக்குள் விடாமல், முன்னும் பின்னுமாக எட்டு பத்து தடவை ஒடித்தால் திருப்பிவிடலாம். அதோ நிற்கிறான் பாருங்கள். அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பதுதான் ரெஜினா. பை எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்நேரம் போயிருக்க வேண்டுமே. ஆட்டோ வரவில்லை போலிருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் பார்க்காதீர்கள்.

மோர் வந்துவிட்டது, குடியுங்கள். என்ன சுலோச்சனா?

உங்களிடம்தான் தம்பி, சாவியைக் கேட்கிறாள். "குடுங்க தம்பி, நான் எடுத்து ஓட்டிக் காட்டறேன்" என்கிறாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள். பேசாமல் இருந்தவள், இன்றைக்கு ஆள் வந்ததும் விளையாட்டு வந்திருக்கிறது. நீங்கள் ஏன் கொடுத்தீர்கள்? சுலோச்சனா, அது கியரில் இருக்கிறது. கதவைத் திறக்காதே, பிரேக் எது என்றுகூட...

சீட்டை முன்னால் இழுக்கிறாள்.

குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை தானாகப் போகிறது, பாருங்கள். கண்ணாடியைத் திருப்புகிறாள். வண்டி சத்தம் கேட்டதும் அவன் கேட்டைத் திறந்துவிட்டான். இரண்டு கதவையும் திறந்துவிட்டான். அந்தக் கொண்டியைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறான். தள்ளி வாருங்கள் தம்பி, காலில் ஏறிவிடும். இல்லை, ஏறாது. நேராகத்தான் போகிறாள். ஒரு தடவை ஒடித்தாள், அவ்வளவுதான், திரும்பிவிட்டது. எனக்கே இரண்டு தடவை வேண்டும்.

ரெஜினாவை அவன் கைப்பிடித்து ஏற்றுகிறான். முன்சீட்டில். அவளுக்குப் பெல்ட் எங்கே என்று தெரிகிறது.

உங்களைத்தான் கூப்பிடுகிறாள் தம்பி. பின்னால் ஏறிக்கொள்ளச் சொல்கிறாள், ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்தால் வண்டி ஓட்டம் தெரிந்துவிடுமாம். போங்கள். அவன் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருக்கும், பரவாயில்லை, நல்ல மனுஷன்தான்.

எனக்கா? இடம் இருக்கும். ஐந்து பேர் வண்டிதானே. ஆனால் அவள் என்னைக் கூப்பிடவில்லையே. இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை பாருங்கள்.

ஏறுங்கள். கதவை மெதுவாகச் சாத்துங்கள், அது அவன் தேய்த்த கதவு. போகும்போது அவளிடம் ஒன்று சொல்லுங்கள் தம்பி, நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.